எட்டு வயது லாப்ரடாருக்கு எலும்புப் புற்று: காலை எடுப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ராக்கிக்கு எட்டு வயது, 34 கிலோ. முன்னங்கால் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கம். சுளுக்கு என்று நினைத்து ஒன்றரை மாதம் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டோம். மூன்று நாள் முன்பு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையும் கொடுத்தோம். இப்போது எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் எலும்புப் புற்றுநோய் என்கிறார். காலை எடுத்துவிட்டுக் கீமோ கொடுக்கலாமாம். "வாயில்லா ஜீவனை ஏன் இன்னும் வதைக்க வேண்டும்" என்கிறார் கணவர். பத்து வயது மகள் அவனோடுதான் தூங்குகிறாள். முன்பே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பானா? என்ன செய்வது? – வாசகி, கோவை

மருத்துவர் பதில்:

அந்த ஒன்றரை மாதத்தை முதலில் பேசிவிடலாம், அம்மா. இந்த வகைப் புற்றுக்கு ஆஸ்டியோசார்கோமா என்று பெயர். நாய் காலைத் தாங்கித் தாங்கி நடக்கத் தொடங்கும்போதே, நூற்றுக்குத் தொண்ணூறு நாய்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குப் பரவியிருக்கும். மார்பு எக்ஸ்ரேயில் அது தெரிவது பத்தில் ஒன்றுக்குத்தான். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தாலும் இதே நோய், இதே பேச்சுதான். பெரிய இன நாய் நொண்டினால் எல்லாரும் முதலில் சுளுக்கு என்றுதான் நினைப்பார்கள். உங்கள் கைப்பிழையால் வந்த நோய் அல்ல இது.

ஆனால் நீவுவதை இன்றே நிறுத்துங்கள். புற்று அந்த எலும்பை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தினால் வலிக்கும், முறியவும் கூடும். யாராவது புத்தூர் கட்டுப் போடலாம் என்றால் கேட்காதீர்கள். இந்த எலும்பு கட்டினால் ஒட்டிச் சேராது.

டைக்ளோஃபெனாக்கும் இனி வேண்டாம். இபுப்ரூஃபனும் கூடாது. மனிதருக்கு ஒத்துக்கொள்ளும் இந்த மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாய்க்கான வலி மருந்தான மெலோக்சிகாமைத் தொடங்குமுன் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விடச் சொல்வார். அதுவரை வேறு வகை வலி மருந்து தருவார். இந்த நாட்களில் மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இனி வலியைப் பற்றி. நீங்கள் எந்த வழியில் போனாலும் முடிவெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான். சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான், அப்படியானால் வலி அதிகம் இருக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். எலும்பு வலியோடும் நாய் சாப்பிடும், வாலாட்டும். கத்துகிறதா என்று பார்க்காதீர்கள். ராத்திரி இடம் மாற்றி மாற்றிப் படுக்கிறானா, வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்குகிறானா, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறானா, நிற்கும்போது பாரத்தை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிவிடுகிறானா, அந்தப் பக்கத் தோள் சதை வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அவன் கால் இப்போதே ஊன்றப் பயன்படவில்லை. வலியை மட்டுமே தருகிறது. காலை எடுக்கச் சொல்வது புற்றைக் குணமாக்க அல்ல, அந்த வலியை ஒரே நாளில் நிறுத்த. உங்கள் கணவருக்கு இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்பதும் வதை நிற்க வேண்டும் என்பதைத்தானே.

அதற்கு முன் சில பரிசோதனைகள் கட்டாயம். மணிக்கட்டுக்கு மேல் ஆர எலும்பின் கீழ்முனை இந்த நோய்க்கு மிகவும் வழக்கமான இடம். ஆனாலும் எலும்பில் பூஞ்சைத் தொற்றோ வேறு கட்டியோ எக்ஸ்ரேயில் இதேபோலத் தெரிவதுண்டு. ஊசியால் உறிஞ்சி எடுத்துச் செல்லைப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. முதலில் அதைக் கேளுங்கள். மார்பை இடது, வலது, மல்லாக்க என மூன்று கோணத்திலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரே படத்தில் சிறு முடிச்சுகள் தப்பிவிடும். ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் அளவுகளோடு ஏ.எல்.பி. என்ற நொதியையும் பார்ப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் நோய் வேகமாகப் போகும் என்று பொருள். இன்னொன்று, லாப்ரடார்களுக்கு இடுப்பு மூட்டும் முழங்கையும் பழுதாவது சகஜம். மீதி மூன்று காலும் பாரம் தாங்குமா என்று தெரியாமல் ஒரு காலை எடுக்கக் கூடாது. உங்கள் ஊரில் இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பாலக்காடு தாண்டித் திருச்சூர் அருகே உள்ள மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரியோ கைக்கெட்டும் தூரம்தான். எந்த நாளில் அறுவைப் பிரிவு பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். வலி மருந்து மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதம் தாண்டும். காலை எடுத்துக் கீமோவும் கொடுத்தால் பாதி நாய்கள் பத்து முதல் பன்னிரண்டு மாதம் தாண்டும், ஐந்தில் ஒன்று இரண்டு வருடத்தையும் பார்க்கும். முற்றிலும் குணமாவது அரிது. மார்பு எக்ஸ்ரேயில் ஏற்கெனவே முடிச்சுகள் தெரிந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது நானாக இருந்தால் கீமோவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்னங்காலைத் தோள்பட்டை எலும்போடு சேர்த்து எடுப்பார்கள். பாதியில் வெட்டினால் மிச்சம் தரையில் இடித்துப் புண்ணாகும். பெரும்பாலான நாய்கள் மறுநாளே எழுந்து நிற்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் நடை பழகிவிடும். நாயின் பாரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது, அதனால் முன்னங்கால் போன நாய்க்குப் பழகக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தையல் அருகே கன்றிப்போய், கீழே நீர்ப்பை போலத் தொங்கலாம். பயமாக இருக்கும். சூடு, சீழ், நாற்றம் இல்லாவிட்டால் பெரும்பாலும் தானாக வற்றும். படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புங்கள். முதல் வாரம் ராத்திரியில் திடீரென்று முனகினால், இல்லாத காலின் வலியாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. தையல் பிரிக்கும் வரை, பத்து முதல் பதினான்கு நாள், தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்ற வேண்டாம்.

நம் வீடுகளில் மூன்று கால் நாய்க்குப் பெரிய எதிரி தரைதான். டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாமே வழுக்கும். ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் அப்புறம் எழவே தயங்கும். அறுவைக்கு முந்தின நாளே அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி, சாப்பாடு, வாசல் வரை ரப்பர் பாயோ, தென்னைநார் விரிப்போ, பழைய யோகா பாயோ ஒரே பாதையாகப் போட்டுவிடுங்கள். ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே தடுக்கும். விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியைக் கத்தரித்து நகத்தையும் வெட்டிவிடுங்கள். சட்டிகளை நெஞ்சு உயரத்துக்கு ஒரு முக்காலியில் வையுங்கள். இருக்கும் ஒற்றை முன்னங்காலில் பாரம் போட்டுக் குனிவது கடினம். படியில் ஏற்றி இறக்க, மடித்த துண்டை நெஞ்சுக்கடியில் கொடுத்து இரு முனையையும் தூக்கிப் பிடித்தால் போதும். எடையையும் கவனியுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். பரிதாபப்பட்டுப் பிஸ்கட்டும் நெய்ச்சோறும் கொடுப்பது அந்த மூன்று கால்களுக்குத்தான் பாரம்.

கீமோ என்றதும் மனிதர்கள் படும் பாடு நினைவுக்கு வருகிறது. நாய்களுக்கு அளவைத் தீர்மானிக்கும்போதே, இருக்கிற நாட்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் பெரும்பாலானவை ஓரிரு நாள் மந்தமாக இருப்பதோடு சரி, லாப்ரடாருக்கு முடியும் கொட்டாது. வழக்கமாகக் கொடுப்பது கார்போபிளாட்டின், சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 300 மி.கி. கால் போனபின் ராக்கி 31, 32 கிலோ இருப்பான். உடற்பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரும், ஆகவே ஒரு தடவைக்கு 300 மி.கி. சுமார். மனித மருந்தகங்களில் 150, 450 மி.கி. குப்பிகளாகக் கிடைக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நான்கு முதல் ஆறு தடவை. ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் ரத்த அணுக்களை எண்ண வேண்டும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 2000-க்குக் கீழே இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். அணுக்கள் மிகவும் இறங்குவது பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி இயல்பு. 103.5-ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்தும் பார்க்காதீர்கள். கீமோ முடியும்வரை பச்சை இறைச்சி வேண்டாம். வேகவைத்த கோழியும் சோறும் போதும். ஊசி போட்டதிலிருந்து மூன்று நாள் சிறுநீரிலும் மலத்திலும் மருந்து வெளியேறும். கையுறை போட்டு அள்ளி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த மூன்று இரவு மட்டும் மகள் தனியே படுக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றபடி புற்று யாருக்கும் தொற்றாது.

அறுவை வேண்டாம் என்று முடிவு செய்தால், அதனால் நீங்கள் அவனைக் கைவிட்டதாக ஆகாது. ஆனால் வலி மருந்தை முழுதாகக் கொடுக்க வேண்டும். மெலோக்சிகாம் கிலோவுக்கு 0.1 மி.கி., அவனுக்கு நாளுக்கு 3.4 மி.கி., சாப்பிட்டபின். மனிதர்களுக்கான 15 மி.கி. மாத்திரை ஒன்றை அப்படியே கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். இதோடு பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டு மருத்துவரிடம் தனித்தனியே சீட்டு வாங்கும் வீடுகளில் இந்தத் தவறு நடந்து, குடல் ஓட்டையாகி நாய் இறக்கிறது. கூடவே கபாபென்டின், பெரும்பாலும் 300 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு மூன்று நாள் தள்ளாடுவான், பிறகு சரியாகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. சிரப் வடிவத்தில் வாங்காதீர்கள். சிலவற்றில் நாய்க்கு விஷமான சைலிட்டால் இனிப்பு இருக்கும். எலும்பு அரிப்பைக் குறைக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் அமிலத்தைச் சிரைவழியே ஏற்றலாம், ஒவ்வொரு தடவையும் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு. எல்லா நாய்க்கும் அது கேட்பதில்லை.

இந்த வழியில் ஒரு பயம் எப்போதும் கூடவே இருக்கும். மருந்தால் வலி குறைந்ததும் நாய் ஓடப் பார்க்கும், அரித்த எலும்பு முறிந்துவிடும். சோபாவிலிருந்து குதிப்பது, படி, மற்ற நாயோடு விளையாட்டு மூன்றையும் நிறுத்துங்கள். ஒரு அலறல், காலைத் தொங்கப்போட்டு நடுங்கல் என்றால் முறிந்துவிட்டது என்று பொருள். கட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாது. அன்றே காலை எடுக்க வேண்டும், அல்லது அன்றே விடைகொடுக்க வேண்டும். இரவில் கூப்பிடக்கூடிய மருத்துவர் யார் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

விடைகொடுக்கும் நாளை எப்படி அறிவது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டாக வேண்டிய நாள் வரும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலியின்மை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்கள் கூடுதலா என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருக்கும்வரை தொடரலாம். வாரம் ஒருமுறை நீங்களும் கணவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். சமையலறைக் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். அவனுக்கு உயிரான மூன்று விஷயங்களை, கேட் சத்தத்துக்கு ஓடுவது, மகளின் பள்ளிப் பையை மோந்து பார்ப்பது என்று எதுவாயினும், இன்றே எழுதிவையுங்கள். அதில் இரண்டு போய்விட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இருமல், மூச்சிரைப்பு, நான்கு கால்களும் வீங்குவது ஆகியவை நுரையீரல் நோயின் அடையாளம். அதன்பின் நாள் அதிகமில்லை. நள்ளிரவில் துடிக்கும் நாயோடு ஆட்டோ தேடி அலைவதைவிட, அவன் வாசலில் வெயில் காய்கிற ஒரு காலையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. கொஞ்சம் முந்திவிட்டோமோ என்ற எண்ணம் அப்போதும் வரும்.

முதலில் மயக்க மருந்து கொடுத்து, ஆழ்ந்து உறங்கியபின்தான் இறுதி ஊசியைப் போட வேண்டும். இதை முன்கூட்டியே வற்புறுத்திக் கேளுங்கள். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது. நின்ற பிறகும் ஓரிரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம். அது உயிர் மீண்டதல்ல, வலியுமல்ல. உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் தெருநாயும் காக்கையும் செத்துவிடும். சொந்த நிலத்தில் நான்கடி ஆழமாவது வெட்டிப் புதையுங்கள், கிணற்றை விட்டுத் தள்ளி. நிலம் இல்லாவிட்டால் மாநகராட்சியில் முன்னமே விசாரித்துவிடுங்கள்.

மகளிடம் "தூங்க வைக்கப்போகிறோம்" என்று சொல்லாதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்பதும் வேண்டாம், தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எலும்பில் பெரிய வியாதி, மருந்தால் தீராது, வலிக்காமல் இறக்க மருத்துவர் உதவுவார், இறந்தபின் வரமாட்டான் என்று நேராகச் சொல்லுங்கள். அவள் செய்ததாலோ செய்யாததாலோ வந்ததல்ல என்பதையும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும். அன்று உடனிருப்பதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நீங்கள் அவள் முன்னால் அழுதால் தவறில்லை. "நாய்தானே, வேற வாங்கிக்கலாம்" என்று சொல்ல வரும் உறவினர்களைக் கொஞ்ச நாள் தள்ளியே வையுங்கள். அவன் படுக்கையை உடனே அலசிப் போட்டுவிடாதீர்கள், அந்த வாசனை அவளுக்குத் தேவைப்படலாம். முதல் சில இரவு அவள் பக்கத்தில் நீங்கள் யாராவது படுத்துக்கொள்ளுங்கள்.