தடங்கலுக்கு வருந்துகிறோம்

கேள்வி: பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை யூடியூபில் தேடித்தேடிப் பார்க்கிறேன். ‘இவ்வளவு மெதுவா ஓடுறதை எப்படிம்மா பார்க்கிறே?’ என்று மகன் கிண்டல் செய்கிறான். உங்களுக்கும் இந்தக் கிறுக்கு உண்டா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: உண்டு, தாயே! 1987-ல் மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த ஸ்டோரில் (ஒரே வளாகத்தில் பல குடித்தனங்கள் இருக்குமே, அது) ஒரே ஒரு டிவி. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேர். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் நாற்பது ஜோடி செருப்பு கிடக்கும். என் அண்ணன் மட்டும் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, “இப்போ தெரியுதா?” என்று கத்துவான். தெரிந்ததும் அவனை மறந்துவிடுவோம். பாவம், அவன் பாதிப் பாட்டு பார்த்ததில்லை.

ஞாயிறு காலை ராமாயணம் இந்தியில். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. ரயில்வேயில் இருந்த ஒரு மாமா மொழிபெயர்ப்பார். 2020 ஊரடங்கில் அதையே மறுபடி போட்டார்களே, அப்போது கொஞ்சம் இந்தி கற்றிருந்த நான் உட்கார்ந்து கேட்டேன். மாமா சொன்னதில் பாதி அவர் சொந்தச் சரக்கு!

மெதுவாகத்தான் ஓடுகிறது, உங்கள் மகன் சொல்வது சரிதான். இரண்டு அம்புகள் வானில் முட்டுவதற்குள் நான் காபியே போட்டுவிட்டேன். ஆனாலும் விளம்பரம் வந்தபோது கை தானாக ரிமோட்டுக்குப் போகவில்லை. மாடியைப் பார்த்து, “தெரியுது, இறங்கி வாடா” என்று சொல்லத் தோன்றியது.