கதிர்வீச்சு பட்டால் தண்ணீர் ஏன் நீலமாக ஒளிர்கிறது? அதை வைத்துப் படம் எடுப்பது எப்படி?

அணு உலைத் தொட்டியில் தெரியும் நீல வெளிச்சம்தான் செரன்கோவ் ஒளி. ஒளி தண்ணீருக்குள் செக்கனுக்குச் சுமார் 2.25 இலட்சம் கி.மீ. வேகத்தில்தான் போகும். மின்னேற்றமுள்ள ஒரு துகள் அதையும் முந்தினால் இந்த ஒளி பிறக்கும். இலத்திரனுக்கு 0.26 மெகா இலத்திரன்வோல்ட்டு (துகள்களின் சக்தியை அளக்கும் அலகு) சக்தி இருந்தாலே போதும்.

காரணம் விளங்க, கல்லடிப் பாலத்தில் நின்று மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். இயந்திரப் படகு தான் எழுப்பும் அலைகளையே முந்துவதால், அவை பின்னால் ஒன்றுசேர்ந்து ஆப்பு வடிவில் விரியும். துகள் குலுக்கிவிட்ட நீர் மூலக்கூறுகள் விடும் ஒளியும் அவ்வாறே கூம்பாகச் சேர்கிறது. அதில் குறுகிய அலைநீளங்கள் மிகுதி, அதனால் நீலம்.

படமெடுப்பதில் மிகவும் பயனுள்ள இடம் புற்றுநோய்க்கான புரோத்தன் சிகிச்சை, அதாவது அணுக்கருவிலுள்ள நேர்மின்னேற்றத் துகள்களைக் கதிராகப் பாய்ச்சும் சிகிச்சை. அங்குள்ள புரோத்தன்களுக்குச் செரன்கோவ் ஒளி எழுப்பும் வேகம் கிடையாது. ஆனாலும் கதிரைச் சோதிக்க உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர், செரன்கோவ் அல்லாத வேறோர் ஒளியால் மிக மங்கலாக ஒளிரும். கதிர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை அந்த ஒளி காட்டிவிடும், இது உண்மையில் அருமையான வசதி. தண்ணீர்த் தொட்டியைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, கதிருக்குச் செங்குத்தான திசையில் குளிரூட்டிய கமராவால் எடுக்க வேண்டும். சிறு வெளிச்சக் கசிவும் படத்தைக் கெடுக்கும். சிதறும் காமாக் கதிர் கமராவில் பட்டு வெள்ளைப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் பல படங்களின் இடைநடுப் பெறுமானத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுத்தால் அவை மறையும்.

எதுவும் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்ற ஐன்ஸ்டீனின் விதி இங்கே மீறப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த எல்லை வெற்றிடத்தில் ஒளி செல்லும் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கி.மீ., அதை எந்தத் துகளும் தாண்டவில்லை.