ஆடி கழியும் வரை பூனை காத்திருக்காது

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீடு. பங்குனி நடுவில் கொப்பரைக் களத்து ஓலைக் குவியலுக்குள் இரண்டு பூனைக்குட்டிகள் கிடைத்தன. கண் திறந்து, தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தன. ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. பெட்டை ஒன்றே முக்கால் கிலோ, கடுவன் இரண்டு கிலோ இருக்கிறது. கருத்தடை அறுவை பற்றிக் கேட்டபோது, எங்கள் பக்கத்து மருத்துவர் ஆறு மாதம் ஆகட்டும் என்றார். பொள்ளாச்சி மருத்துவர் இப்போதே செய்யலாம் என்றார். மாமியாரோ, ஆடியில் கத்தி வைக்கக் கூடாது, ஓணம் கழித்துப் பார்க்கலாம், பெட்டை ஒரு ஈற்றாவது போடட்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: பொள்ளாச்சிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். காரணம் நீங்கள் எழுதிய கணக்கிலேயே இருக்கிறது.

கண் திறந்து தத்தி நடந்தன என்றால் அப்போது அவற்றுக்கு மூன்று வாரம் இருந்திருக்கும். அப்படியானால் மாசியின் பின்பாதியில் பிறந்தவை. இன்று ஆனி முடியும் வேளையில் நான்கு மாதத்தைத் தாண்டியிருக்கும். என் கணக்கை நம்ப வேண்டாம், குட்டியின் வாயையே பார்த்துக்கொள்ளலாம். மடியில் வைத்து மேலுதட்டை மெல்லத் தூக்குங்கள். முன்னால் அரிசிக் குருணை போல வரிசையாக நிற்கும் சிறு பற்கள் பால்பல் விழுந்து புதிதாக முளைத்திருந்தால் வயது நான்கு மாதத்தை ஒட்டியது. ஊசி போன்ற பழைய கோரைப்பல்லுக்குப் பக்கத்திலேயே தடித்த புதுப்பல் ஒன்று எட்டிப் பார்த்தால் ஐந்தை நெருங்கிவிட்டது. ஒரு சில நாள் இரண்டு பல்லும் ஒட்டி நிற்கும். கண்டு பயந்து ஓடி வருபவர்கள் உண்டு, தானாக விழுந்துவிடும்.

ஐந்து மாதம் என்ற எல்லை ஏன் முக்கியம் என்றால், பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். ஐந்து, ஆறு மாதத்தில் வருவது சர்வசாதாரணம். மேலைநாட்டுப் புத்தகங்களில் பூனைக்கு வசந்தகாலமே இனப்பெருக்கக் காலம், குளிர்காலத்தில் ஓய்வு என்று எழுதியிருக்கும். அது அங்கே சரி. பூனையின் உடல் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் பருவத்தைத் தொடங்கும். லண்டனில் குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பாலக்காட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடுதான். போதாததற்கு வீட்டில் இரவு பத்து மணி வரை விளக்கு எரிகிறது. ஆக, நம் ஊர்ப் பூனைக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

அந்த நாள் வந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகாது என்று நினைப்பீர்கள். ஆனால் முதல் முறை பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. கேரள, தமிழ்நாட்டு எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் வருபவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "டாக்டர், பூனைக்கு வயிற்றுவலி, ராத்திரி முழுக்க உருண்டு உருண்டு அழுகிறது." மேசையில் வைத்து வாலடியில் முதுகைத் தடவினால் போதும். முன்னங்கால்களை மடக்கி நெஞ்சைத் தரையில் அழுத்தும், பின்புறத்தைத் தூக்கும், வாலை ஒரு பக்கம் ஒதுக்கும், பின்னங்கால்களால் மாவு மிதிப்பது போல மிதிக்கும். வலி எங்குமில்லை. இப்படி வந்த ஒரு குட்டிக்குக் கண்ணன் என்று பெயர். வாலைத் தூக்கிக் காட்டியபோது அந்த வீட்டுக்காரர் வெகுநேரம் பேசவே இல்லை. உங்கள் குட்டிகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பெட்டையில் மலத்துளைக்கு அடியில், ஒட்டினாற்போல, சிறு கீறல் தெரியும். கடுவனில் அடியிலிருப்பது வட்டப் புள்ளி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம்; இந்த வயதில் அந்த இடைவெளியில் இரண்டு சிறு விதைகளும் விரலுக்குத் தட்டுப்படும். ஒரு விதை மட்டும் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இறங்காத விதையை வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ தேடி எடுக்க வேண்டிவரும். அது வேறு அறுவை.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பவை அண்ணன் தங்கை. பூனைக்கு அந்த உறவு தெரியாது. ஓணம் வரை காத்திருந்தால் வெளியிலிருந்து கடுவன் வர வேண்டிய தேவையே இருக்காது. சினைக்காலம் 63 முதல் 65 நாள். மாசியில் பிறந்த குட்டி ஐப்பசியில் தாயாகிவிடும். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாவதும் உண்டு.

ஆறு மாதம் என்று சொன்ன மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல ஆண்டு அதையேதான் சொன்னேன். அது பழைய வழக்கம். மயக்க மருந்தும், உடல் வெப்பத்தைக் காக்கும் வசதியும் இன்றைய அளவு இல்லாத காலத்தில் சற்றுப் பெரிய உடல் என்றால் மருத்துவருக்குத் துணிச்சல். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017இல் ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுவதை ஆதரித்தது. காப்பகங்களில் ஒரு கிலோவைத் தொடாத குட்டிகளுக்குக்கூடச் செய்கிறார்கள். பெரிய இன நாய்களுக்குத் தாமதிப்பது நல்லது என்ற பேச்சைச் சிலர் பூனைக்கும் ஏற்றிவிடுகிறார்கள். அது பூனைக்குப் பொருந்தாது. சீக்கிரம் அறுவை செய்தால் எலும்பு வளர்ச்சித் தட்டு சற்றுத் தாமதமாக மூடும், கால் ஒரு நூல் நீளமாக இருக்கலாம், அவ்வளவே. கடுவனுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் என்ற பயமும் உலவுகிறது. ஏழு வாரத்தில் அறுவை செய்தவற்றையும் ஏழு மாதத்தில் செய்தவற்றையும் அளந்து பார்த்தபோது சிறுநீர்க்குழாயின் அகலத்தில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. அடைப்புக்கு உடல் பருமனும், தண்ணீர் குடிக்காததும்தான் பெரிய காரணங்கள்.

ஒரு ஈற்றுப் போடட்டும் என்பதற்கு உடல்நலக் காரணம் எதுவும் இல்லை. மாறாக, ஆறு மாதத்துக்குள் அறுவை செய்த பெட்டைகளுக்குப் பால்மடிப் புற்று வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டாம் ஆண்டில் செய்தால் வெறும் 11. பூனைக்கு மடியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை பொல்லாத வகை. மாமியாரிடம் வாதம் செய்ய வேண்டாம், இந்த எண்களை மட்டும் சொல்லிப் பாருங்கள். அறுவையைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரையோ ஊசியோ வாங்கும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். கருப்பையில் சீழ் பிடித்து, உயிருக்குப் போராடும் நிலையில் வரும் பூனைகளில் சிலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வயதிலும் நான் திருப்பி அனுப்பும் குட்டிகள் உண்டு. மூக்கு ஒழுகுபவை, வயிறு மட்டும் உப்பிப் புழுவோடு இருப்பவை, ஈறு வெளுத்தவை. ஈறு நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல இருந்தால் தெள்ளுப்பூச்சியும் கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடித்திருக்கின்றன என்று பொருள். முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் கத்தி. தடுப்பூசி போடாத குட்டி என்றால் முதலில் அதைப் போட்டு, ஒரு வாரமாவது விட்டு அறுவைக்கு வரச் சொல்வேன். மருத்துவமனைக் கூடத்திலிருந்தே தொற்று வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள். கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பெட்டைக்கு முதலில். கடுவனை மட்டும் அறுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் வீட்டில் பக்கத்துத் தோட்டத்துக் கடுவன் வேலையை முடித்துவிட்டுப் போன கதைகள் நிறைய. தவிர, அறுத்த கடுவனின் குழாயில் மிச்சமிருக்கும் விந்து சில வாரம் உயிரோடிருக்கும். அறுவை செய்யாத பெட்டையிடமிருந்து ஆறு வாரம் பிரித்து வைப்பது நல்லது.

அறுவை நாளில் செய்யும் தவறுகளில் எனக்கு அதிகம் கோபம் வருவது பட்டினிதான். பெரியவர்களுக்குச் சொல்வது போல முந்தின இரவிலிருந்தே ஒன்றும் கொடுக்காமல் தூக்கி வருகிறார்கள். நான்கு மாதக் குட்டியின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. சர்க்கரை இறங்கி, மயக்கம் தெளிவது தாமதமாகும். மூன்று நான்கு மணி நேரம் போதும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொன்னால், குட்டியின் வயதைச் சொல்லி மறுபடி ஒரு முறை கேட்டுவிடுங்கள். சாக்கில் கட்டியோ கட்டைப்பையிலோ கொண்டுவராதீர்கள். ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து நான்கு பக்கமும் கயிறு கட்டினால் போதும், பஸ்ஸில்கூட வரலாம்.

வீடு திரும்பியதும் கதகதப்பு முக்கியம். மழைக்காலத்தில் அறுவை கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் ஈரத் தரையில் படுக்க விடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்காத மூலையில், பழைய வேட்டியை மடித்துப் போட்டுப் படுக்க வையுங்கள். பெட்டையைப் பத்து நாள் வெளியே விடாதீர்கள். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்துப்பட்டையோ, அளவாக வெட்டித் தைத்த பருத்திச் சட்டையோ போடலாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். கடுவனின் விதைப்பையில் தையல் இல்லாமல் இரண்டு சிறு கீறல் திறந்தே இருக்கும். அது அப்படியேதான் ஆறும். வலிக்கிறதோ என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டு கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் செரிக்க முடியாது. அந்தக் கால் துண்டே கொன்றுவிடக்கூடும்.

அன்றிரவு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சீறினால் பதறாதீர்கள். இரண்டின் மேலும் மருத்துவமனை வாடை. உடன்பிறப்பு என்று அடையாளம் தெரியாது. ஒரே துணியால் இரண்டையும் மாறி மாறித் துடைத்துவிட்டு, தனித்தனித் தட்டில் சோறு வையுங்கள். மறுவாரம் முதல் அந்தத் தட்டில் மத்திமீனும் சோறும் கால்பங்கு குறையட்டும். அறுவைக்குப் பிறகு உடலின் தேவை குறைகிறது, பசி மட்டும் கூடுகிறது.

நாள் பார்க்கும் பொறுப்பை மாமியாரிடமே விட்டுவிடுங்கள். ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது அல்லவா, அதற்குள் ஒரு நல்ல நாள் குறித்துத் தரச் சொல்லுங்கள்.