ஒரு பல்லு தள்ளிப் போட்டா பைக் மலை ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்ததுல முக்கால்வாசி என்ஜின் கேள்விதான். ஏப்ரல் சீசன் கிட்ட வந்தா நுவரெலியா பக்கம் எல்லாருக்கும் சைலன்சர் சத்தம் கேட்டுக் கை அரிக்கும் போல. முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதியிருக்கேன், ஏன்னா இதே கேள்விய வேற வேற மாதிரி நெறைய பேரு கேட்டிருக்காங்க.

கேள்வி: அண்ணே, என்னோடது 150 சிசி பைக், கார்பரேட்டர் மாடல், ஒரு கேம் (வால்வுகள திறந்து மூடுற தண்டு) ஓவர்ஹெட்ல இருக்கறது. ரேஸ் கேம் ஒண்ணு வாங்கி கராஜ்ல மாட்டிக்கிட்டேன். மட்டமான ரோட்டுல நல்லா பறக்குது, ஆனா ஹட்டன்ல இருந்து நுவரெலியா ஏறும்போது கீழ் ஆர்பிஎம்ல இழுக்குது இல்ல, ரெண்டாவது கியர்லயே திணறுது. கேம் ஸ்ப்ராக்கெட்ட (கேம சுத்துற செயின் ஓடுற பல்சக்கரம்) ஒரு பல்லு முன்னுக்குத் தள்ளிப் போட்டா சரியாகிடும்னு ஒரு கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்றாரு. போடலாமா? – தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: போடாதீங்க தம்பி. கணக்க பாருங்க. ஸ்ப்ராக்கெட்ல 34 பல்லு இருக்குன்னு வைங்க, 360ஐ 34ஆல பிரிச்சா ஒரு பல்லுக்கு 10.6 டிகிரி வருது. அது கேம்ல. கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கேம் ஒரு சுத்து சுத்தும், அப்போ கிராங்க் கணக்குல 21 டிகிரிக்கு மேல. நமக்குத் தேவைப்படறது 2, 4, அவ்வளவுதான். 21 டிகிரி முன்னுக்குப் போனா பிஸ்டன் மேல வந்து நிக்கிற நேரத்துல இன்டேக் வால்வு (காத்து உள்ள வர்ற வால்வு) அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கும், ரேஸ் கேம்ல லிஃப்டும் (வால்வு திறக்கற உயரம்) கூட, ரெண்டும் முட்டிச்சுன்னா வால்வு வளையும், பிஸ்டன்ல குழி விழும், அதோட உங்க ரெண்டு மாச சம்பளமும் போயிரும்.

ஆனா அந்த பாஸ் சொன்ன திசை சரிதான், அளவுதான் தப்பு. இன்டேக் வால்வு பிஸ்டன் அடிக்குப் போனதும் மூடிக்கிறது இல்ல, பிஸ்டன் திரும்ப மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். ஆர்பிஎம் கூட இருக்கும்போது உள்ள வர்ற காத்துக்கு நல்ல வேகம் இருக்கறதால அது பாட்டுக்கு உள்ள வந்துகிட்டே இருக்கும், ஆனா ஆர்பிஎம் குறைஞ்சா அந்த வேகம் இல்ல, மேல வர்ற பிஸ்டன் உள்ள வந்த காத்தையே வெளிய தள்ளி விட்டுரும். ரேஸ் கேம் வால்வ இன்னும் லேட்டா மூடும், அதான் ஏத்தத்துல திணறல். கேம கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வந்தா வால்வு சீக்கிரம் மூடும், கீழ இழுவை வரும், மேல டாப் ஸ்பீட் கொஞ்சம் குறையும். நம்ம ரோட்டுல டாப் ஸ்பீட வச்சிகிட்டு என்ன பண்ண, அடுத்த வளைவு வரைக்கும்தானே.

கேம்ல கை வைக்க முந்தி டாப்பெட் இடைவெளிய (வால்வுக்கும் அத அழுத்துற பாகத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி) பாருங்க, என்ஜின் நல்லா ஆறின பிறகு, ராத்திரி நிப்பாட்டிட்டு காலையில பாத்தா இன்னும் நல்லது. ரேஸ் கேமுக்கு இடைவெளி வேற, கேம் கூட வந்த பேப்பர்ல இருக்கறத வைங்க. அடுத்தது டைமிங் செயின். செயின் இழுபட்டு நீண்டா கேம் தானாவே பின்னுக்குப் போயிரும், இது நெறைய பேருக்குத் தெரியாது. பழைய செயின்லயே புது கேம போட்டுக் குடுத்திருந்தா உங்க பிரச்சினை பாதி அங்கதான். இடது பக்க மேக்னெட் கவர்ல சின்ன மூடி இருக்கும், அத கழட்டி பிஸ்டன் உச்சிய காட்டுற டி மார்க்க கோட்டுக்கு நேரா கொண்டு வந்து, ஸ்ப்ராக்கெட் மார்க் ஹெட்டோட விளிம்புக்கு சமமா நிக்குதான்னு பாருங்க. பின்தங்கி நிக்குதுன்னா, செயின இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் முழுசா வெளிய வந்து கிடக்குதுன்னா, முதல்ல செயின மாத்துங்க. செயின், கைடு, டென்ஷனர் மூணையும் சேத்தே மாத்துறதுதான் என் கட்சி, கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல தேடினா கிடைக்கும்.

அதுக்குப் பிறகும் திணறினா அளந்து பாக்கணும், காதால கேட்டு கேம் டைமிங் வைக்க யாராலயும் முடியாது. பெரிய டிகிரி வட்டம் ஒண்ண பிரிண்ட் எடுத்து பலகையில ஒட்டி கிராங்க் முனையில மாட்டிக்கங்க, கம்பித் துண்டு ஒண்ண வளைச்சு என்ஜின் போல்ட்டுல கட்டினா அதுதான் முள்ளு. பிஸ்டன் உச்சிய மேக்னெட் மார்க்க நம்பி எடுக்காதீங்க. பிளக் ஓட்டையில ஒரு ஸ்டாப்பர இறுக்கி, கையால மெதுவா முன்னுக்கு சுத்தி முட்டுற இடத்த குறிச்சு, பின்னுக்கு சுத்தி முட்டுற இடத்தையும் குறிச்சா ரெண்டுக்கும் நடுதான் உண்மையான உச்சி. ஸ்டாப்பர கழட்டிட்டு, இன்டேக் வால்வு மேல டயல் கேஜ் (எவ்வளவு நகருதுன்னு காட்டுற முள்ளு மானி) வச்சு, 1 மில்லிமீட்டர் திறக்கும்போது எத்தனை டிகிரி, மூடி வரும்போது 1 மில்லி மிச்சம் இருக்கும்போது எத்தனை டிகிரின்னு எழுதுங்க. எப்பவும் என்ஜின் ஓடுற திசையில மட்டும் சுத்தணும், தாண்டிப் போயிட்டா கால் சுத்து பின்னுக்கு எடுத்து திரும்ப வாங்க, இல்லன்னா செயின் தளர்ச்சி கணக்குல ஏறிரும்.

இப்ப உச்சிக்கு 8 டிகிரி முந்தித் திறந்து, அடிக்குப் போன பிறகு 48 டிகிரியில மூடுதுன்னு வைங்க. 8, 180, 48 கூட்டினா 236. அதுல பாதி 118, அதுல 8 கழிச்சா 110. அதாவது உச்சிக்குப் பிறகு 110 டிகிரியில வால்வு முழுசா திறக்குது. கேம் பேப்பர்ல 106ன்னு போட்டிருந்தா உங்க கேம் 4 டிகிரி பின்னால நிக்குது. முதல்ல அத 106க்கு கொண்டு வந்து ஓட்டிப் பாருங்க, பத்தலன்னா 104. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

இந்த நாலு டிகிரிய எப்படி எடுக்கறதுன்னா, ஸ்ப்ராக்கெட்ல ரெண்டு போல்ட் ஓட்டை இருக்கற மாடலா இருந்தா அந்த ஓட்டைகள வட்டப் போக்குல நீளமா அராவணும். நடுவுல இருந்து ஓட்டைக்கு 15 மில்லி தூரம்னா அரை மில்லி அராவினாலே கிராங்க்ல 4 டிகிரி கிட்ட வந்திரும், அவ்வளவு நுணுக்கமான வேலை. கை நடுங்கும்னா லேத்துல குடுங்க. கழட்டும்போது டென்ஷனர முதல்ல எடுத்திட்டுத்தான் ஸ்ப்ராக்கெட் போல்ட்ட தளர்த்தணும், செயின கம்பி போட்டு கட்டி வைங்க, உள்ள விழுந்தா அரை நாள் போயிரும். மாட்டும்போது போல்ட்டுக்கு திரெட் லாக் (போல்ட் தளராம பிடிக்கிற பசை) கட்டாயம், ஓட்டைய நீளமாக்கின பிறகு அத பிடிச்சு வைக்கிறது போல்ட்டோட இறுக்கம் மட்டும்தான். அப்புறம் திரும்ப அளந்து பாத்திட்டு, உச்சிக்கு 10 டிகிரி கிட்ட, முந்தி எக்ஸாஸ்ட் வால்வையும் (புகை வெளிய போற வால்வு) பிந்தி இன்டேக் வால்வையும் அழுத்தி பிஸ்டன்ல படுற வரைக்கும் எவ்வளவு போகுதுன்னு டயல் கேஜ்ல பாருங்க, 1.5 மில்லிக்கு குறைஞ்சா ஸ்டார்ட் பண்ணாதீங்க. கடைசியா பிளக்க கழட்டி வச்சிட்டு கையால ரெண்டு சுத்து. எங்கயாவது கெட்டியா முட்டினா பலம் போடாம நிறுத்துங்க.

கேள்வி: கொழும்புல பழைய ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கினேன், கார்பரேட்டர் உள்ளது. நுவரெலியாவுக்கு கொண்டு வந்ததுல இருந்து பெட்ரோல் குடிக்குது, பிளக் கரிச் சட்டி மாதிரி இருக்கு, புகைப் பரிசோதனைக்கு கொண்டு போகவே பயமா இருக்கு. என்ஜின் போயிருச்சா? – ஓர் ஆசிரியை, நுவரெலியா

பதில்: என்ஜின் நல்லாத்தான் இருக்கும் டீச்சர், காத்துதான் குறைவு. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 80 சதவீதம் கிட்டத்தான். கார்பரேட்டருக்கு அது தெரியாது, கொழும்புல ஊத்தின மாதிரியே ஊத்தும். முதல்ல ஏர் ஃபில்டர பாருங்க, அது சுத்தமா இருந்தும் கரி பிடிச்சா மெயின் ஜெட்ட (கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை) ஒரு சைஸ் சின்னதாக்கி ஏர் ஸ்க்ரூவயும் செட் பண்ணச் சொல்லுங்க. பழைய ஜெட்ட தூக்கிப் போட்டுராதீங்க, திரும்ப கொழும்புல வச்சு ஓட்டப் போறீங்கன்னா அதத்தான் போடணும், சின்ன ஜெட்டோட கீழ போய் முறுக்கினா பெட்ரோல் பத்தாம சூடேறி பிஸ்டன் பிடிச்சிரும். இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்த தொல்லை இல்ல, சென்சர் பாத்துக்கும்.

கேள்வி: ரம்பொட இறக்கத்துல கியர்லயே இறங்கிட்டு கீழ வந்து திரும்ப முறுக்கினா நீலப் புகை ஒரு தடவ வருது, பிறகு இல்ல. பிஸ்டன் ரிங் போயிருச்சுன்னு சொல்றாங்க, சிலிண்டர் போர் எடுக்கணுமா? – கம்பளை வாசகர்

பதில்: அவசரப்படாதீங்க. திராட்டில மூடிட்டு நீளமா இறங்கும்போது சிலிண்டருக்குள்ள உறிஞ்சல் கூடும், அது தேய்ஞ்ச வால்வு சீல் வழியா ஹெட்ல இருக்கற ஆயில இழுக்கும், நீங்க முறுக்கினதும் அதுதான் எரியுது. ரிங் தேய்ஞ்சிருந்தா ஏத்தத்துல லோட்ல இழுக்கும்போதும் விடாம புகை வரும். கம்ப்ரஷன் டெஸ்ட் ஒண்ணு எடுத்திட்டு, நல்லா இருந்தா சீல மட்டும் மாத்துங்க, வால்வு கைடு ஆட்டத்தையும் அப்பவே பாக்கச் சொல்லுங்க. புகைக்கு பயந்து நியூட்ரல்ல மட்டும் இறங்கிராதீங்க, ரம்பொடயில பிரேக்க மட்டும் நம்புறது உயிரோட விளையாட்டு.

கேள்வி: 95 ஒக்டேன் அடிச்சா பிக்கப் கூடுமா? – பதுளை

பதில்: கூடாது. கம்ப்ரஷன் கம்பெனி வச்சபடியே இருந்தா 92 போதும். ஹெட்ட சீவி கம்ப்ரஷன் ஏத்தியிருந்தா, ஏத்தத்துல கிடுகிடுன்னு தட்டுற சத்தம் கேட்டா, அப்ப 95.

கேள்வி: டியூன் பண்ணின என்ஜின், ஆயில் எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்? ஆயில் மூடியில வெள்ளையா கிரீம் மாதிரி பிடிக்குது, அதுவும் ஏன்னு சொல்லுங்க. மஹகஸ்தொட ஹில் கிளைம்ப்ல (நுவரெலியாவுல நடக்கிற மலையேற்ற ரேஸ்) ஓடுற ஆசையும் இருக்கு. – நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி

பதில்: வெள்ளைக் கிரீம் பெரும்பாலும் தண்ணிதான், வீட்டுல இருந்து கடைக்கும் கடையில இருந்து வீட்டுக்கும் குளிர்ல ஓட்டினா என்ஜின் சூடேற முந்தியே நிப்பாட்டுறீங்க, உள்ள வேர்க்கிற ஈரம் ஆவியாகப் போகாம ஆயில்ல கலக்குது. காத்துல ஆறுற என்ஜின்னா பயம் இல்ல, வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரம் நல்லா ஓட்டுங்க. ரேடியேட்டர் உள்ள பைக்னா மட்டும் கூலன்ட் குறையுதான்னு பாருங்க. ஆயில் 1500 கிலோமீட்டர்ல மாத்துங்க, போத்தல்ல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு (பைக் ஆயிலோட தரக் குறி) இருக்கணும், கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் முறுக்காதீங்க, ஆயில் மேல கேம் வரைக்கும் ஏற நேரம் குடுங்க, ரேஸ் கேம் முதல்ல தேயறது அந்த நேரத்துலதான்.

மஹகஸ்தொட 1934லேயே தொடங்கின பழைய போட்டி, ஆசைப்படறதுல தப்பே இல்ல. ஆனா போறதுக்கு முந்தி டாப்பெட் இடைவெளிய பாத்து ஒரு கொப்பியில எழுதுங்க, ஓடிட்டு வந்த பிறகும் எழுதுங்க. எக்ஸாஸ்ட் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுகிட்டே வந்தா வால்வு சீட்டுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம், அப்படியே விட்டா வால்வு மூடாம எரிஞ்சு போகும். மேல் ஆர்பிஎம்ல திடீர்னு பவர் அறுந்து போய் தடதடன்னு சத்தம் வந்தா வால்வு ஸ்ப்ரிங் தளர்ந்து வால்வு மிதக்குது, அதோட அன்னைக்கு ஓட்டத்த நிப்பாட்டிட்டு ஸ்ப்ரிங்க கழட்டி நீளத்த அளந்து பாருங்க.