மருதாணி போட்டால் முடி வறள்வது ஏன்?

கேள்வி: தலைக்கு மருதாணி போட்டால் முடி வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. நரையிலும் சாயம் பிடிப்பதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: வறட்சிக்குப் பெரும்பாலும் எலுமிச்சைச் சாறுதான் காரணம். 100 கிராம் பொடிக்கு 2 தேக்கரண்டி போதும். மீதிக்கு வெதுவெதுப்பான டீ டிகாக்‌ஷன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சாயம் கெட்டுவிடும். தயிர் பதத்தில் குழைத்து 8 மணி நேரம் மூடி வையுங்கள். மேலே பழுப்பேறி, கிளறினால் உள்ளே பச்சையாக இருந்தால் தயார்.

எண்ணெய்த் தலையில் சாயம் ஒட்டாது. முந்தின நாளே சீயக்காய் தேய்த்துக் குளித்துவிடுங்கள். மருதாணி தலையில் 3 மணி நேரம் ஊறியதும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு 2 நாள் வேண்டவே வேண்டாம். நரை முதலில் பளீரென்று ஆரஞ்சாகத் தெரியும், பயப்படாதீர்கள். 2 நாளில் செம்பழுப்பாகும்.

'கறுப்பு மருதாணி' பாக்கெட்டை மட்டும் தொடாதீர்கள். பலவற்றில் பிபிடி (PPD) என்ற செயற்கைச் சாய ரசாயனம் கலந்திருக்கும். ஒவ்வாமை இருந்தால் உச்சந்தலை கொப்பளித்துவிடும்.