ஒரே ஏபிஐ விண்டோஸ், மேக், எக்ஸ்11, வேலாண்டு நான்கிலும் ஓட அதை எப்படி வடிவமைப்பது?

திரையில் விண்டோ திறந்து, விசைத் தட்டல்களை வாங்கித் தரும் நூலகம் ஒன்றின் ஏபிஐயை (மற்ற நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பை) விண்டோஸில் எழுதி முடித்துவிட்டு மற்றதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எக்ஸ்11, வேலாண்டு இரண்டும் லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய, புதிய முறைகள். வேலாண்டிலிருந்து ஆரம்பியுங்கள், நான்கில் அதுதான் கறார்ப் பேர்வழி. அங்கே செல்லுபடியாகும் ஏபிஐ பெரும்பாலும் மற்ற மூன்றிலும் செல்லும்.

விண்டோவை (100, 100) என்ற இடத்தில் வை என்று வேலாண்டில் சொல்லவே முடியாது. சாதாரண விண்டோவுக்குத் திரையில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ஜிஎல்எஃப்டபிள்யூ என்ற விண்டோ நூலகம் இங்கே 'இந்த வசதி கிடையாது' என்று பிழை கொடுக்கிறது. அதுதான் சரி. பேச்சுக்கு ஒரு பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்தால், அதை நம்பி ஒருவர் மெனுவைத் திரையின் மூலையில் திறந்து வைப்பார். மெனு, டூல்டிப்புக்கெல்லாம் 'தாய் விண்டோவில் இந்தப் பொத்தானை ஒட்டி' என்று கேட்கும் தனி ஃபங்ஷன் வையுங்கள்.

அளவிலும் கேட்பது வேறு, கிடைப்பது வேறு. எக்ஸ்11-இல் விண்டோக்களைத் தானே பக்கம் பக்கமாக அடுக்கும் டைலிங் விண்டோ மேனேஜர் நீங்கள் கேட்ட 800×600-ஐக் கண்டுகொள்ளாது. அதனால் அளவை மாற்றும் ஃபங்ஷன் வெறும் கோரிக்கையாக இருக்கட்டும். கிடைத்த அளவு ஈவென்டாக (நடந்ததைச் சொல்லும் அறிவிப்பாக) வரட்டும். அது வந்த பிறகே வரைய வேண்டும். வேலாண்டில் அளவைச் சொல்லும் முதல் கன்ஃபிகர் செய்தி வருமுன், வரைந்த படத்தை வைத்திருக்கும் பஃபரை மாட்டினால் புரோட்டோகால் பிழை, இணைப்பே போய்விடும்.

வேலாண்டு காட்டிக்கொடுக்காத சிக்கல், ஈவென்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கவனிக்கும் ஈவென்ட் லூப்பில் இருக்கிறது. விண்டோஸில் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்போது செய்தியை விண்டோவிடம் கொடுக்கும் டிஸ்பேட்ச்மெசேஜ் ஃபங்ஷன் திரும்பி வராது. உள்ளே வேறொரு லூப் ஓடும். 'அடுத்த ஈவென்டைக் கொடு' என்ற பாணி ஏபிஐயில், கையை எடுக்கும்வரை படம் உறைந்து நிற்கும். மேக்கிலோ விண்டோ வேலை முழுவதும் மெயின் திரெட்டில், அதாவது நிரல் தொடங்கும் முதல் இழையில்தான். ஆகவே லூப்பை நூலகமே மெயின் திரெட்டில் ஓட்டட்டும். வரையும் நேரத்தில், நூலகத்தைப் பயன்படுத்துபவர் கொடுத்து வைத்த ஃபங்ஷனை (கால்பேக்கை) அழைக்கட்டும்.

ஸ்கேலை, அதாவது திரையில் எல்லாவற்றையும் எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை, முழு எண்ணாக வைக்காதீர்கள். மேக்கில் 1 அல்லது 2 வரும். விண்டோஸில் 144 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்றால் 1.5, வேலாண்டின் ஃபிராக்ஷனல் ஸ்கேல் 120-இல் பங்காக வரும், 180 என்றால் 1.5. வேறு மானிட்டருக்கு நகர்த்தினால் மாறவும் மாறும்.

விசையும் எழுத்தும் தனித்தனி ஈவென்டுகள். தமிழ்99 விசைப்பலகையில் எச், க்யூ என்று இரண்டு விசை தட்டினால் 'கா' வருகிறது. விசையிலிருந்து எழுத்தை ஊகிக்கும் ஏபிஐ அங்கேயே படுத்துவிடும்.

எல்லாவற்றையும் மூடி மறைக்கவும் வேண்டாம். நேட்டிவ் ஹேண்டிலை (அந்தந்த சிஸ்டம் விண்டோவுக்குத் தரும் அடையாளத்தை) எடுக்க ஒரு வழி விடுங்கள், ஆனால் தனி ஹெடர் ஃபைலில். இல்லாவிட்டால் விண்டோஸ் ஹெடர் எல்லா ஃபைலிலும் புகுந்து, அதன் min, max மேக்ரோக்கள் உங்கள் பயனரின் சி++ கோடைக் கம்பைல் ஆகவிடாமல் செய்யும்.