வீட்டுக் கணினி அடிக்கடி தானாக அணைகிறது, மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். அதை நம்பிப் புதிதாக வாங்கலாமா?

உங்கள் கேள்வியில் மூன்று குறைகள் சொல்லப்பட்டுள்ளன. ஏழெட்டு ஆண்டுப் பழைய மேசைக் கணினி வேலையின் நடுவே தானாக அணைந்து மறுபடியும் தொடங்குகிறது. சில நாள் காலையில் விசிறி சுழன்றும் திரையில் எதுவும் தெரிவதில்லை. ஒழுங்காகத் தொடங்கிய நாளிலும் விண்டோஸ் திறந்து கைக்கு வர ஐந்து நிமிடங்களுக்கு மேலாகிறது. கடையில் பார்த்துவிட்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னதால், புதிய கணினியே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுது பார்க்கும் கடையொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு மதர்போர்டின் மேல் வருவது கடைசிச் சந்தேகம்தான். எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்பக் குறைத்துத் தரும் பெட்டி), ராம் (தற்காலிக நினைவகம்), ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர முடியும். அவற்றை விலக்கும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஓய்வான ஒரு பிற்பகலும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால், கணினி நல்லபடியாகத் தொடங்கும் ஒரு வேளையில், புகைப்படங்கள், ஆவணங்கள், வரி தொடர்பான கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்துவிடுங்கள். மதர்போர்டையும் ராமையும் காசு கொடுத்துத் திரும்ப வாங்கலாம், பத்து ஆண்டுப் புகைப்படங்களை வாங்க முடியாது. மேலும், மூன்றாவது குறையான மந்தம் ஹார்டு டிஸ்க்கின் மூப்பைக் காட்டுவதாக இருந்தால், அந்த டிஸ்க் இன்னும் எத்தனை முறை எழுந்திருக்கும் என்று யாராலும் உறுதி கூற இயலாது.

அடுத்ததாக, கணினி என்ன செய்கிறது என்பதைவிட எப்போது செய்கிறது என்பதைக் கவனியுங்கள். வீடியோ ஓடும்போதோ விளையாட்டு நடக்கும்போதோ மட்டும் அணைந்தால் வெப்பத்தையோ எஸ்.எம்.பி.எஸ்.ஸையோ சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் போய் வரும் நொடியில் மட்டும் அணைந்தால் யு.பி.எஸ்.ஸைப் பார்க்க வேண்டும். யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதும் நேரங்காலமின்றி அணைந்தால் ராம், தளர்ந்த இணைப்புகள், எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிசையில் போகலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்கள் அங்கே கெர்னல் பவர் 41 என்ற சிவப்பு எச்சரிக்கையைக் கண்டு அதுவே நோயின் பெயர் என்று எண்ணிவிடுகிறார்கள். சென்ற முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. ஆனால் அதன் விவரப் பகுதியில் பிழையின் வகையைச் சொல்லும் பக்செக் குறியீடு சுழியம் என்று இருந்தால், பிழையை அறிவிக்கும் நீலத் திரையான புளூ ஸ்கிரீனைக் காட்டக்கூட நேரமின்றி மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கலாம் அல்லது கணினி அப்படியே உறைந்திருக்கலாம் என்று கொள்ளலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸ் தானே பிழையைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. புளூ ஸ்கிரீன் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறது என்றால், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற அமைப்புப் பக்கத்தில் தானாக மறுதொடக்கம் செய்யும் தெரிவை நீக்கிவிடுங்கள். அடுத்த முறை அதில் உள்ள எழுத்துகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நம் வீடுகளில் வரும் குறைகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வீட்டு யு.பி.எஸ். பெரும்பாலும் 600 வி.ஏ. அளவுடையது, அதனுள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள சிறிய லெட் ஆசிட் பேட்டரி, நம் வெயிலில் அது இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்தால் நல்ல பேட்டரி. அது தளர்ந்த பின் மின்சாரம் ஒரு கணம் சிமிட்டினாலும் கணினி அணைந்துவிடும், வீட்டு விளக்கு அணைந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துவிட்டுக் கணினியைச் சில நாள் நேரடியாகச் சுவர் பிளக்கில் இணைத்து ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் பேட்டரியை மாற்றுவதோடு பிரச்சினை தீர்ந்தது. லேசர் பிரிண்டரை அந்த யு.பி.எஸ்.ஸிலேயே செருகி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அச்சிடும்போது அதன் சூடேற்றும் உருளை இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது.

கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பலரும் கணினியில் கசிவு என்று பயப்படுவார்கள்; பெரும்பாலும் குறை சுவரில் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவு அந்த உலோக உடலிலேயே தங்கி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு போய்விடுகிறது, ஆனால் அதே நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளால் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தால் இரண்டில் ஒன்றின் போர்ட் எரிந்துபோக வாய்ப்புண்டு. இதைச் சரிசெய்ய வேண்டியவர் எலக்ட்ரீசியன். கணினிக் கடைக்காரர் அல்லர்.

இனி எஸ்.எம்.பி.எஸ். இதை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உடனே வடிந்துவிடும் என்று நம்ப முடியாது. வெளியிலிருந்து அளப்பது எளிது: மல்ட்டிமீட்டர் இருந்தால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் கம்பியில் 12 வோல்ட்டும் சிவப்பில் 5 வோல்ட்டும் ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது மஞ்சளில் 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதை மாற்றிவிடலாம். மீட்டர் இல்லையென்றால் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பக்கத்தில் தெரியும் அளவுகள் தோராயமான வழிகாட்டியாக உதவும். வேலை கூடும்போது நொடிப்பொழுதில் விழுந்து எழும் வோல்ட்டேஜை மீட்டர் காட்டாது என்பதால், தெரிந்தவர் ஒருவரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. காலையில் முதல் முறை மட்டும் தடுமாறி, கொஞ்சம் சூடேறியதும் நாள் முழுவதும் நன்றாக ஓடும் கணினிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மின்தேக்கிகள் மூப்படைந்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். அவை குளிர்ந்த நிலையில்தான் தங்கள் பலவீனத்தை அதிகம் காட்டும். உங்கள் முதல் இரண்டு குறைகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்க நேர்ந்தால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 450, 500 என்ற எண்களை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 192 வாட் மட்டுமே. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.கள் பெரும்பாலும் இந்த ரகம்.

விசிறி சுழன்று திரை வராத சிக்கலுக்கு ராமைக் கழற்றி மாட்டுவதே முதல் வைத்தியம். செலவில்லாதது, பல நேரம் பலிப்பதும் அதுதான். முதலில் மானிட்டர் கேபிள் சரியான துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மதர்போர்டின் துளையில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று வந்தவர்கள் ஏராளம். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, ராமை வெளியே எடுங்கள். கடலோர ஊர்களில் அதன் தங்கநிறத் தொடர்புப் பட்டைகளில் மங்கலான படலம் படிந்திருக்கும். பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, பள்ளம் பொருந்தும் திசையில் இரு முனைகளும் டக்கென்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றினால் எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

மதர்போர்டு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு, அதைக் கடைக்காரர் செய்தாரா என்று கேளுங்கள். மதர்போர்டில் சிறிய பீப் ஸ்பீக்கரை மாட்டி, ராமை முழுவதுமாகக் கழற்றிவிட்டு இயக்க வேண்டும். பீப் பீப் என்று முறையிட்டால், பிராசஸர் விழித்திருக்கிறது, பயாஸ் ஓடுகிறது, ராமைத் தேடுகிறது என்று பொருள். அப்படிக் குரல் கொடுக்கும் மதர்போர்டைப் போய்விட்டது என்று ஒதுக்குவது அவசரம். ராமை மாட்டியும் கழற்றியும், வேறு எஸ்.எம்.பி.எஸ். வைத்தும் மௌனமாகவே இருந்தால்தான் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். நாணய வடிவில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். 3 வோல்ட் கொடுக்க வேண்டிய அது தேய்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும், தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், இணையமே கெட்டுவிட்டது என்று நினைத்து நாம் மோடத்தை மாற்றிக்கொண்டிருப்போம்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூசியை ஊதி எடுக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றுங்கள். இன்டெல் கூலராக இருந்தால் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் பலகைக்குள் முழுவதும் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் போதும், வெப்பம் 100 டிகிரியை நெருங்கிப் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

மந்தத்தைத் தனிக் குறையாகவே கருதுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற நெடுவரிசை எப்போதும் 100 சதவீதத்திலேயே நின்றால், இலவசமாகக் கிடைக்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளை நிறுவி டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பாருங்கள். 05 என்ற வரியில் பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், சி5 என்ற வரியில் படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் இருக்கும். இவை சுழியத்தைத் தாண்டி வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. தரவு கைமாறும்போது நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும். சி5 ஏறியிருக்கும் டிஸ்க்கில் நகலெடுக்கும் முன், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முழுப் பரப்பையும் துருவும் அந்த வேலையே தளர்ந்த டிஸ்க்கின் கடைசி வேலையாகிவிடலாம். டிஸ்க் நலமாகவே இருந்தாலும், விண்டோஸைச் சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவதுதான் இந்த வயதுக் கணினிக்குச் செய்யத்தக்க சிறந்த செலவு. எதற்கெடுத்தாலும் ஃபார்மட் போடுவது மந்தத்துக்கு மருந்தல்ல, விண்டோஸின் அமைப்புத் தகவல்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களோ மருந்துபோல் வரும் நோய்கள்.

வன்பொருளா மென்பொருளா என்ற ஐயம் தீரவில்லையென்றால், ஒரு பென்டிரைவில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிச் சில மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸைக் குறை சொல்வதில் பயனில்லை. அங்கே நன்றாக ஓடி, விண்டோஸில் மட்டும் விழுந்தால், அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து, அண்மையில் சேர்ந்த டிரைவரையோ (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) ஆன்டிவைரஸையோ நீக்கிப் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரேயொரு கோப்பு, ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் புளூ ஸ்கிரீனில் நிறுத்தியது; அவற்றில் எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை, சேஃப் மோடில் அந்தக் கோப்பை நீக்கியதும் எழுந்துகொண்டன. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருப்பதாகத் தோன்றினால் அவற்றைச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளைகளில் முதலில் டிஸ்ம் (DISM) கட்டளையையும் அதன்பின் எஸ்.எஃப்.சி. (SFC) கட்டளையையும் அந்த வரிசையிலேயே ஓட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மதர்போர்டுதான் என்று உறுதியானால், வாங்குவதற்கு முன் பிராசஸரின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்தே ஏற்கப்படுகிறது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது 7-ஆம் தலைமுறையோ அதற்கும் முந்தையதோ என்றால் பழைய பொருள் சந்தையில் தேடி மதர்போர்டு வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம், எஸ்.எஸ்.டி.யை மட்டும் கழற்றிக்கொண்டு புதிய கணினிக்குப் போய்விடலாம். 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், உத்தரவாதத்துடன் கிடைக்கும் மாற்று மதர்போர்டு ஒன்றைப் பொருத்தி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம், அப்போதும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்காமல் புதிய மதர்போர்டை அதன்மேல் மாட்டிவிடாதீர்கள்.